ரமீஸாவின் முப்பத்தொரு சைட்டும் ஓர் ஆயுத பூஜையும்

கும்மிடிப்பூண்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. அதன் மாடியில் ஒற்றை அறை. கதவில் ஒட்டிய வெள்ளைத்தாளில் 'ரமீஸா – வெப்சைட்' என்று மட்டும் எழுதியிருக்கும். சிப்காட் தொழிற்பேட்டையில் இருக்கிற இரும்பு ஆலை, ரசாயனக் கம்பெனி, அட்டைப்பெட்டிக் கம்பெனி என்று முப்பத்தொரு வெப்சைட்டுகள் அந்த அறையை நம்பித்தான் ஓடுகின்றன. ஜெராக்ஸ் கடையை ஒட்டி, பழைய மெஷின் வாங்கி விற்கிற கடை என்னுடையது. அதனால் அந்தப் படியில் யார் ஏறுகிறார்கள், யார் முகத்தைத் தொங்கப்போட்டு இறங்குகிறார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாமல் போகாது.

ரமீஸாவுக்கு முப்பத்துமூன்று வயது. பிறந்தது பழவேற்காடு. அவளுடைய அத்தா அப்துல் வாஹித் ஏலத்தில் இறால் எடுத்து வண்டி ஏற்றுகிறவர். கூடையின் மேலே கிடக்கிற இறாலைப் பார்த்து அவர் விலை சொல்ல மாட்டார். கையை அடிவரைக்கும் விட்டு, அங்கிருந்து ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். மகளுக்கும் அதே குணம். பொன்னேரியில் பி.சி.ஏ. முடித்துவிட்டு ஒரு கம்பெனியில் டைப் அடிக்கிற வேலைக்கு வந்தாள். அந்தக் கம்பெனிக்கு வெப்சைட் போட்டுக் கொடுத்தவன் ஒருநாள் போனை அணைத்துவிட்டுக் காணாமல் போனான். சைட் படுத்துவிட்டது. இவள் உட்கார்ந்து நாலு நாள் நோண்டி அதை எழுப்பினாள். அதோடு டைப் வேலை முடிந்தது, இந்த வேலை பிடித்துக்கொண்டது.

வெப்சைட் என்றால் ஒரே சாமான் என்று நான் நினைத்திருந்தேன். இல்லையாம். வாங்க வருகிறவர் கேள்வி அனுப்புகிற விசாரணைப் படிவத்துக்கு ப்ளக்இன் என்று ஒரு குட்டி ப்ரோகிராம், படம் ஓடவைக்க இன்னொன்று, திருடன் வராமல் பார்க்க வேறொன்று. ஒவ்வொன்றையும் ஏதோ ஒரு தேசத்தில் யாரோ ஒருவன் எழுதியிருப்பான். அவன் மாதா மாதம் அதில் எதையாவது மாற்றி அப்டேட் என்று விடுவான். போடாமல் விட்டால் திருடன் புகுந்துவிடுவான். யோசிக்காமல் போட்டாலோ, ஒன்றுக்கொன்று சேராமல் சைட்டே வெள்ளையாகிவிடும். ரமீஸா செவ்வாய்க்கிழமை காலையில் மட்டும்தான் இந்த வேலையைச் செய்வாள். அன்றைக்கு அவளை யாரும் கூப்பிடக் கூடாது. புருஷன் முஜீப் பாயைக் கட்டிக்கொள்வதற்கு அவள் போட்ட ஒரே நிபந்தனை இதுதான் என்று கேள்விப்பட்டேன். விசாரித்தேன். உண்மைதான்.

அந்த முப்பத்தொன்றில் ஒன்று என் கடைக்கு அவள் போட்டுக் கொடுத்த சைட். இலவசம். ஏன் இலவசம் என்று கேட்டிருக்கவே கூடாது. கேட்டுவிட்டேன்.

"யேசுண்ணா, உங்க சைட்ட ஒரு நாளைக்கு மூணு பேரு பாக்கறாங்க. அதுல ரெண்டு தபா நீங்களே பாக்கறீங்க."

"அதுக்கு?"

"எந்த அப்டேட் வந்தாலும் மொதல்ல உங்க சைட்டுல தான் போடுவேன். ஒடைஞ்சா உங்களோட போவும். ஒரு வாரம் ஒடையாம நின்னா மத்தவங்களுக்குப் போடுவேன்."

"அப்போ நான் இன்னா, பலியாடா?"

"ஆட்டுக்கு இவ்ளோ வாய் கெடையாதுண்ணா."

போன வருஷம் ஆயுத பூஜைக்கு முந்திய செவ்வாய் அந்த ஆடு விழுந்தது. விசாரணைப் படிவத்துக்கான ப்ளக்இன் அப்டேட்டை அவள் என் சைட்டில் போட்டாள். நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அண்ணா, உங்க சைட்டு பூட்ச்சு."

"யார்னா பாத்தாங்களா?"

"இல்ல. நீங்க டீ தான குடிச்சுக்கினு இருந்தீங்க."

அஞ்சு நிமிஷத்தில் பழைய ப்ளக்இன்னையே திரும்பப் போட்டு என் சைட்டை எழுப்பிவிட்டாள். புதுசு ஓட சர்வரும் புதுசாக இருக்க வேண்டுமாம். நம்ம ஆட்கள் எல்லாரும் பழைய சர்வரில் இருக்கிறார்கள். ப்ளக்இன்னைச் செய்தவனுக்கே மெயில் எழுதினாள். பத்து நாளில் சரிசெய்து விடுகிறோம் என்று பதில் வந்தது. அதுவரைக்கும் மற்ற முப்பது சைட்டிலும் எந்த அப்டேட்டையும் தொடாமல் நிறுத்திவைத்தாள்.

இதில் ஒரு சின்ன சங்கடம். அப்டேட் நிலுவையில் இருந்தால், சைட்டின் உள்பக்கம் நுழைகிறவருக்கு ஒரு சிவப்பு வட்டத்தில் நம்பர் காட்டும். முதலில் ஒன்று, அப்புறம் நாலு, அப்புறம் ஒன்பது. ரமீஸாவுக்கு அது பொறுமை. கம்பெனி ஆட்களுக்கு அது சோம்பேறித்தனம்.

அப்படி நினைத்தவர்களில் முதல் ஆள் பரத். பூவம்மாள் காஸ்டிங்ஸ் என்ற வார்ப்பு ஆலையில் கணக்குப் பார்க்கிறவன். முதலாளி அப்பாவு அவனுக்குத் தாய்மாமன். அப்பாவு ஊத்துக்கோட்டைப் பக்கம் நெல் விளைவிக்கிற குடும்பம். இன்றைக்கும் காலையில் வயலைப் பார்த்துவிட்டுத்தான் ஆலைக்கு வருவார். ஆலைக்குப் பெண்டாட்டி பெயரை வைத்திருக்கிறார். ரமீஸாவை முதன்முதலில் நம்பி வேலை கொடுத்தவர் அவர்தான். அவர் சொல்லித்தான் இன்னும் பதினோரு கம்பெனிகள் அவளிடம் வந்தன.

பரத்துக்கு அது பிடிக்கவில்லை. சென்னையிலிருந்து ஒரு கம்பெனியைக் கூட்டிவந்தான். டை கட்டிய ரெண்டு பேர், சுவரில் படம் காட்டினார்கள். 'ஒரு சைட்டுக்கு ஆறு பேர் கொண்ட குழு' என்றார்கள். அப்பாவு காப்பி கொடுத்து, "விஜயதசமி அன்னிக்கு முடிவு சொல்றேன்" என்று அனுப்பிவிட்டார். செய்தி அன்று மாலையே எனக்கு வந்தது. நான் ரமீஸாவுக்குக் கொண்டுபோனேன்.

அவள் பதறவில்லை. ஆனால் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "அவுரு போனா அவுரோட பதினொண்ணு போவும்ணா. பன்னெண்டு போச்சுன்னா, மீதி பேரு காரணம் கேப்பாங்க. காரணம் சொல்லிக்கினே ஒக்காந்தா நான் வேலைய எப்போ பாக்கறது?"

"இன்னா பண்ணப் போற?"

"விஜயதசமி வரைக்கும் ஒரு சைட்டும் விழாம பாத்துக்கப் போறேன். வேற இன்னா பண்ணணும்?"

விஜயதசமிக்கு மூன்று நாள் இருந்தது.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் சிப்காட்டில் போய்ப் பார்க்க வேண்டும். வருஷம் முழுக்க எண்ணெயில் ஊறிக் கிடக்கிற மெஷின்களை அன்றைக்குக் குளிப்பாட்டுவார்கள். ஃபோர்க்லிஃப்ட்டுக்கு வாழைக்கன்று கட்டுவார்கள். ஆபீஸில் கால்குலேட்டர் முதல் ஸ்டேப்லர் வரை துடைத்து அடுக்குவார்கள். பரத்தும் துடைத்தான். மேசை, கீபோர்டு, மானிட்டர். அத்தோடு விட்டானா? சைட்டின் உள்ளே போனான். சிவப்பு வட்டத்தில் ஒன்பது. பூஜை சமயத்தில் இது என்ன அழுக்கு என்று எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அப்டேட்டை அழுத்திவிட்டான். சிவப்பு போய்விட்டது. சந்தோஷமாக கம்ப்யூட்டரை அணைத்து, சந்தனம் வைத்து, பூ சுற்றிவிட்டான். சைட்டின் முன்பக்கத்தைத் திறந்தே பார்க்கவில்லை.

அது போதாதென்று சிப்காட் கணக்கர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் போட்டான். கீழே ஒரு வரி: 'எங்க வெப்சைட்டும் க்ளீன் பண்ணியாச்சு!' அதைப் பார்த்து இன்னும் நாலு கம்பெனிக்காரர்கள் அவரவர் சிவப்பைத் துடைத்தார்கள்.

மறுநாள் ஆயுத பூஜை. சிப்காட்டே லீவு. எங்கள் வீட்டில் இந்தப் பூஜை வழக்கம் இல்லை. ஆனால் பொரியும் சுண்டலும் எங்கே கொடுப்பார்கள் என்ற பட்டியல் என்னிடம் உண்டு. கிளம்பலாம் என்று ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மாடியிலிருந்து குரல்.

"யேசுண்ணா! மேல வாங்க. பேஜாரு ஒண்ணு வந்துக்கீது."

அவள் திரையில் ஐந்து வரிகள் சிவப்பாக இருந்தன. ஐந்து சைட்டும் வெள்ளை. அவள் ஒரு பார்வை பார்த்தாள்.

"போன செவ்வா உங்களுது விழுந்துதில்ல, அதே தான். யாரோ அழுத்திட்டாங்க."

"அஞ்சு பேரும் ஒரே நாள்லயா? சொல்லி வெச்சு பண்ணாங்களா?"

நான்தான் அந்த வாட்ஸ்அப் படத்தைக் காட்டினேன். அந்தக் குழுவில் நான் எப்படி இருக்கிறேன் என்பது வேறு கதை. படத்தைப் பார்த்ததும் அவள் சிரித்துவிட்டாள். உண்மையாகவே சிரித்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டாள். என் சைட்டில் என்ன செய்தாளோ அதையே செய்தாள். முதல் சைட் எட்டு நிமிஷம். ரெண்டாவது ஆறு. நாலும் அரைமணி நேரத்தில் எழுந்து நின்றன. முதலாளிகள் யாருக்கும் தெரியவே தெரியாது. பூஜை நாளில் கம்ப்யூட்டரைத் தொட்டால்தானே தெரியும்?

ஐந்தாவது பூவம்மாள் காஸ்டிங்ஸ். அங்கேதான் மாட்டிக்கொண்டது. மற்றவர்களின் சர்வர் கணக்கு ரமீஸாவின் பெயரில் இருக்கிறது. அப்பாவு மட்டும் சைட் போட்ட அன்றைக்கே, "என் சொத்து என் பேர்ல, என் நம்பர்ல இருக்கணும்மா" என்று சொல்லிவிட்டார். உள்ளே போக வேண்டும் என்றால் அவர் போனுக்கு ஆறு இலக்க ஓடிபி வரும். போன் அடித்தாள். எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள்.

அந்த நேரம் பார்த்து ஒரு மெயில் வந்தது. சைட்டுக்கு வருகிற மெயில்களின் நகல் அவளுக்கும் வரும். போலந்து தேசத்து கம்பெனி ஒன்று. பம்புக்கு வார்ப்பு வாங்க சப்ளையர்களைப் பொறுக்குகிறார்கள். 'உங்கள் தளம் திறக்கவில்லை. இன்று எங்கள் நேரப்படி பகல் பன்னிரண்டுக்குப் பட்டியலை முடிக்கிறோம்.' நம்ம நேரத்துக்கு மாலை மூன்றரை.

"நீயே பதில் போட்டு பேப்பருங்கள அனுப்பிட்டா?"

"கட தொறந்துக்கீதான்னு பாக்க வரவனுக்கு கட போட்டோவ அனுப்பினா நம்புவானா? வண்டிய எடுங்கண்ணா."

லேப்டாப்பை அணைத்துப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள். வழி முழுக்கப் பூசணிக்காய் உடைத்துச் சிதறிக் கிடந்தது. நான் வளைந்து வளைந்து ஓட்டினேன். ஆலைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்றேகால்.

அப்பாவு வாசலில் நாற்காலி போட்டு, தொழிலாளர்களுக்குத் தன் கையாலேயே பொரிப் பொட்டலம் கொடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பூவம்மாள் சுண்டல் பாத்திரத்தோடு. பரத் புது வேட்டியில்.

"வாம்மா ரமீஸா. வாய்யா யேசுதாசு, உன்ன இன்னும் காணுமேன்னு பாத்தேன்" என்றார் அப்பாவு. எனக்கு ரெண்டு பொட்டலம் கொடுத்தார்.

ரமீஸா சுற்றி வளைக்கவில்லை. "முதலாளி, நம்ம சைட்டு விழுந்துக்கீது. போலந்துக்காரங்க பாக்கறாங்க. மூணரைக்குள்ள எழுப்பணும். உங்க போனுக்கு ஒரு நம்பர் வரும், அது எனக்கு வேணும்."

அப்பாவு கையிலிருந்த பொட்டலம் அப்படியே நின்றது. "போனு பூஜையில கீதும்மா."

"எடுத்துக் குடுத்தா போதும்."

"நாளைக்கு காலைல தான் எடுக்கணும். இன்னிக்கு ஆயுதத்த தொடக்கூடாது." அவர் குரலில் கோபம் இல்லை, பயம் இருந்தது. "எங்க நைனா ஒரு தபா பூஜையில வெச்ச அருவாள எடுத்து எளநீ சீவினாரு. அந்த வருஷம் கெணறே வத்திப்போச்சு."

பரத்துக்கு இது வாய்ப்பு. "மாமா, நான் அப்பவே சொன்னேனில்ல? ஒம்போது அப்டேட்டு போடாம வெச்சிருந்தாங்க. நேத்து நான் தான் க்ளீன் பண்ணேன். இவங்க ஒழுங்கா பாத்திருந்தா ஏன் விழுது?"

ரமீஸா அவன் பக்கம் திரும்பினாள். "நீங்க க்ளீன் பண்ணதால தான் விழுந்துது, பரத்து. அந்த அப்டேட்ட போன செவ்வா கெழம யேசுண்ணா சைட்டுல போட்டு, ஒடைஞ்சத பாத்து தான் நிறுத்தி வெச்சேன். இந்த மாதிரி அழுத்தினதுல இன்னிக்கு இன்னும் நாலு சைட்டு விழுந்துது. நாலயும் எழுப்பிட்டு தான் இங்க வரேன்."

"ஆதாரம்?"

"நான் தான் ஆதாரம்" என்றேன், வாயில் பொரியோடு. "என் சைட்டு பூட்ச்சே, ஒருத்தனும் வந்து துக்கம் விசாரிக்கல."

பூவம்மாள் சிரித்துவிட்டார். அப்பாவு சிரிக்கவில்லை. போலந்து ஆர்டருக்காக அவர் ரெண்டு வருஷமாகப் புது உலை போட்டுக் காத்திருந்தார். ஊருக்கே தெரியும். ஒரு பக்கம் உலை, ஒரு பக்கம் நைனாவின் கிணறு.

ரமீஸா நிதானமாகச் சொன்னாள். "நீங்க போன தொடவே வேணாம் முதலாளி. நானும் தொட மாட்டேன். நான் இங்கேர்ந்து கேட்டா அந்த நம்பரு போனு மேலயே தெரியும். பாத்து சொன்னா போதும். சாமிய பாக்கறதுல இன்னா தப்பு?"

அப்பாவு மனைவியைப் பார்த்தார். பூவம்மாள் சுண்டல் கரண்டியை வைத்துவிட்டு எழுந்தார். "கும்புடப் போறவ கண்ண மூடிக்கினா கும்புடுவா? வாம்மா."

பூஜை ஆபீஸ் அறையில். சாமி படத்துக்கு முன்னால் கணக்கு நோட்டு, அளவுகோல், ஸ்பேனர், முதலாளியின் மூக்குக்கண்ணாடி, நடுவே போன். ரமீஸா வாசலிலேயே உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். பூவம்மாள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு போன் மேல் குனிந்தார். அப்பாவு எட்டிப் பார்த்தார். கண்ணாடி பூஜையில் இருப்பதால் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

போன் வெளிச்சம் விட்டது.

"நாலு. ஒண்ணு. ஏழு. ஏழு..." பூவம்மாள் நிறுத்தினார்.

"அப்புறம்மா?"

"அப்புறம் சந்தனம்."

பரத் நேற்று வைத்த பொட்டு. சந்தனத்தை உள்ளங்கை அகலத்துக்கு அப்பி, நடுவில் குங்குமம் வைத்திருந்தான். கடைசி ரெண்டு இலக்கம் அதற்கு அடியில். பத்து நிமிஷத்தில் நம்பர் காலாவதியாகிவிடும். ரமீஸா இன்னொரு முறை கேட்டாள். புது நம்பர் வந்தது. அதே இடம், அதே சந்தனம்.

"ஏன்டா, போனுக்கு பொட்டு வெக்கச் சொன்னா செவுருக்கு பூசறாப்பல பூசிக்கீற?" என்றார் அப்பாவு.

நானும் பரத்தை ஒரு வார்த்தை சொல்லலாமா என்று பார்த்தேன், ரமீஸாவின் கண் என் வாயை மூடிவிட்டது. அவள் பூவம்மாளைப் பார்த்துக் கேட்டாள். "அம்மா, சாமிக்கு வெச்ச சந்தனம் காஞ்சு ஒதிர்ந்தா இன்னா பண்ணுவீங்க?"

பூவம்மாளுக்குப் புரிந்துவிட்டது. "தொடச்சிட்டு புதுசா வெப்பேன்." புருஷனைத் திரும்பிப் பார்த்தார். "பொட்டு வெக்கறது என் வேல. இவன் யாரு வெக்கறதுக்கு? நான் ஆயுதத்த எடுக்கல. பொட்ட தான் சரி பண்றேன். இன்னா, ஒத்துக்கறியா?"

அப்பாவு ரெண்டு விநாடி யோசித்தார். "போன நவுத்தாம பண்ணு."

ஈரத்துணியின் முனையால் பூவம்மாள் சந்தனத்தை எடுத்தார். கீழே, மூலையில், பட்டாணி அளவுக்குப் புதுப் பொட்டு வைத்தார். போன் ஒரு நூலளவு கூட நகரவில்லை. கற்பூரமும் ஏற்றினார். ரமீஸா மூன்றாவது முறை கேட்டாள். வெளிச்சம் வந்தது.

"எட்டு, ரெண்டு, ரெண்டு, அஞ்சு, பூஜ்யம், ஒம்போது."

சர்வருக்குள்ளே போய்விட்டாள். கெட்ட ப்ளக்இன்னை எடுத்தாள், முன்பக்கம் வந்தது. சேமித்து வைத்திருந்த பழையதைப் போட்டாள், படிவம் வந்தது. படிவத்தை நிரப்பித் தனக்கே ஒரு சோதனை மெயில் அனுப்பினாள். சான்றிதழ் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து அடிவரைக்கும் பார்த்தாள். மணி பன்னிரண்டு ஐந்து. போலந்துக்கு ரெண்டு வரி பதில் போட்டுவிட்டு, "ஆச்சு முதலாளி. சுண்டல் கீதா?" என்றாள்.

இரண்டே முக்காலுக்கு அவர்கள் சைட் படிவத்திலேயே நிரப்பி அனுப்பிய கேள்வி வந்தது. எத்தனை டன், என்ன கலவை, எவ்வளவு நாள். பட்டியலில் பூவம்மாள் காஸ்டிங்ஸ் இருக்கிறது என்று அர்த்தம்.

விஜயதசமி காலையில் சென்னைக்காரர்கள் டையோடு வந்துவிட்டார்கள். ரமீஸாவும் வந்தாள். நான் ஒரு லேத் மெஷின் விஷயமாகப் போயிருந்தேன். அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். அப்பாவு பூஜையிலிருந்து முதலில் கண்ணாடியை எடுத்து மாட்டினார். அப்புறம் சென்னைக்காரர்களிடம் கேட்டார்.

"தம்பி, நேத்து எங்க சைட்டு விழுந்திருந்தா உங்க ஆறு பேருல யாரு வந்திருப்பாங்க?"

"நேத்து எங்க டீமுக்கு ஹாலிடே சார். கம்ப்ளெய்ன்ட் டிக்கெட் போட்டா இன்னிக்கு பாத்திருப்போம்."

"டிக்கெட் வேற எடுக்கணுமா?" என்றார் அப்பாவு. பிறகு ரமீஸாவிடம், "நீயே பாத்துக்கம்மா" என்றார்.

"பாத்துக்கறேன். ஆனா ரெண்டு விஷயம் கீது." அவள் முகத்தில் நன்றி சொல்கிற குழைவு எதுவும் இல்லை. "பரத்துக்கு புது லாகின் குடுக்கறேன். விலை மாத்தலாம், படம் போடலாம், செய்தி எழுதலாம். அப்டேட்டு பட்டன் அதுல கெடையாது. மத்த கம்பெனிங்களுக்கும் இன்னிக்கே இத்த தான் செய்யப் போறேன்."

பரத் முனகினான். "அப்போ நான் வெறும் படம் போடறவனா?"

"நல்லா போடறீங்க. வாட்ஸ்அப்புல பாத்தேன்."

அப்பாவு தலையை ஆட்டினார். "ரெண்டாவது?"

"ஓடிபி ஒரே நம்பருக்கு வந்தா இப்படித்தான் மாட்டிக்குவோம். இன்னொரு நம்பரும் வேணும். என்னுது வேணாம். சொத்து உங்களுது, உங்க ஆளு நம்பராவே இருக்கட்டும்."

பரத் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தான். அதற்குள் பூவம்மாள் தன் போனை முந்தானையிலிருந்து எடுத்து ரமீஸாவிடம் நீட்டிவிட்டார்.

"என்னுத போட்டுக்கம்மா. என் பேர்ல தான கம்பெனி கீது."

ரமீஸா நம்பரைப் பதிவு செய்து, சரிபார்க்க ஒரு ஓடிபி அனுப்பினாள். பூவம்மாள் இந்த முறை கையைப் பின்னால் கட்டாமல், போனைத் தூக்கிப் பிடித்து, ஆறு இலக்கத்தையும் ஆபீஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி படித்தார்.

"அம்மா, சத்தமா படிக்கக் கூடாது" என்றாள் ரமீஸா. "யேசுண்ணா இங்க தான் நிக்கறாரு."